குழலைத் துடைத்தால் குறி தப்பாதா?

1752 ஏப்ரலில், லால்குடிக்கு மேற்கே சமயபுரம் கோயில் வாசலில் காயப்பட்டுக் கிடந்த ஆங்கிலேயப் படை அதிகாரி ராபர்ட் கிளைவ், இரண்டு சார்ஜண்டுகளின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். பிரெஞ்சுப் பக்கம் ஓடிப்போயிருந்த ஐரிஷ்காரர் ஒருவர் கிட்டத்திலிருந்தே அவரைச் சுட்டார். கிளைவ் பிழைத்துக்கொண்டார், குண்டு சார்ஜண்டுகள் இருவரையும் சாய்த்தது.

இப்படித் தீக்கல் துப்பாக்கி குறி தப்பினாலே பழியைக் குழலின் கசடு மேல் போடுவது வழக்கம். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு துடைத்தால் குண்டு நேராகப் போகும் என்பது நம்பிக்கை. அது பாதிதான் சரி.

சமயபுரம் சண்டையும் அடங்கிய கர்நாடகப் போர்களில் ஆங்கிலேயச் சிப்பாய் தூக்கியது மஸ்கட். வழவழப்பான அதன் குழல் சுமார் 19 மில்லிமீட்டர், குண்டோ 17.5. கசடு படிந்தாலும் குண்டு உள்ளே இறங்கட்டும் என்றே விட்ட இடைவெளி அது. குழலுக்குள் முட்டி மோதி வெளிவரும் குண்டு, கடைசியாக எந்தப் பக்கம் தட்டியதோ அதற்கேற்பத் திசை மாறும். நூறு கஜம் தாண்டினால் குறி என்பதே பெயரளவுக்குத்தான். துடைத்து என்ன பயன்?

சுரிகுழல் ரைஃபிள் கதை வேறு. 1800-இல் பிரிட்டிஷ் படைக்கு வந்த பேக்கர் ரைஃபிளின் குழலில் குண்டைச் சுழற்றிவிடும் ஏழு வரிப்பள்ளங்கள். எண்ணெயிட்ட தோல் துண்டில் குண்டைச் சுற்றி இறுக்கமாக இறக்க வேண்டும். கருமருந்து எரிந்தால் எடையில் பாதிக்கு மேல் திடக் கசடாக மிஞ்சும். காற்றில் ஈரம் இருந்தால் அது இளகிக் கிடக்கும். கத்திரி வெயிலில் கெட்டிப் பொருக்காகிவிடும். அப்புறம் குண்டை இறக்கக் கம்பியால் இடிக்க வேண்டியதுதான். ஒரு முறை மெதுவாக, ஒரு முறை பலமாக இடித்தால் மருந்து ஒரே மாதிரி கெட்டிக்காது, குண்டின் வேகமும் மாறும். ஆக, பளபளவென்ற குழல் முக்கியமில்லை, ஒவ்வொரு முறையும் அது ஒரே நிலையில் இருந்தால் போதும். எண்ணெய் பூசிய குழலின் முதல் குண்டு ஓரிடத்திலும் அடுத்தவை வேறிடத்திலும் படுவது இதனால்தான்.

ஊறிய துணியால் துடைப்பவர் வினையை விலைக்கு வாங்குகிறார்: அடுத்த மருந்து நமுத்துப்போகும். குழலுக்கு மிக இறுக்கமான துணியோ கசடைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பொறி நுழையும் துளையை அடைக்கும். லேசாக ஈரமான துணி ஒன்று, பின்னால் உலர்ந்த துணி ஒன்று, போதும். இயந்திர எண்ணெய் ஊற்றினால் கசடு தார் போலாகும். கசடிலுள்ள பொட்டாசிய உப்புகள் கரைவது வெறும் தண்ணீரில்.

1753-இல் திருச்சி அருகே பொன்மலையைச் சுற்றி நடந்த சண்டைகளின் காலத்துப் பீரங்கிக்காரர்களும் வெடிக்கு வெடி குழலுக்குள் ஈரப் பஞ்சுக்கோலை விட்டார்கள். குறிக்காக அல்ல. உள்ளே கங்கு மிச்சமிருந்தால், அடுத்த மருந்தைத் திணிக்கும்போதே வெடித்துக் கையைக் கொண்டுபோய்விடும்.