பேட்டரியை மாற்றாதீர்கள், முதலில் மீட்டரை எடுங்கள்

"பேட்டரி நிக்க மாட்டேங்குது அண்ணே." பழைய புல்லட்டைத் தள்ளிக்கொண்டு வரும் கஸ்டமர் இப்படித்தான் ஆரம்பிப்பார். பக்கத்துக் கடையில் உடனே புது பேட்டரி போட்டு அனுப்புவார்கள். கொஞ்ச நாளில் அதுவும் இறங்கிவிடும். அந்த வண்டி அடுத்து உங்கள் கடைக்கு வர வேண்டுமா? சார்ஜிங் ஃபால்ட்டை அளந்து கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இன்ஜின் வேலை தெரிந்தவர்கள் ஊரில் நிறைய. எலக்ட்ரிக்கலில் கை வைக்கத் தயங்காதவர்கள் குறைவு. உங்களுக்கான மார்க்கெட் அங்கேதான் இருக்கிறது.

1. ஆம்மீட்டரைப் படியுங்கள். காஸ்ட் அயர்ன் புல்லட்டின் ஹெட்லைட் தலையில் இருக்கும் அந்தச் சின்ன முள் நிறையச் சொல்லும். பாயின்ட் வைத்த வண்டியில் சாவியைப் போட்டதும் பாயின்ட் மூடியிருந்தால் முள் மைனஸ் பக்கம் சாயும். கிக்கரை மெல்ல அழுத்துங்கள். பாயின்ட் திறக்கும் இடத்தில் முள் நடுவுக்கு வரும். கிக் அடிக்கச் சரியான இடம் பிடிக்க அந்தக் காலத்திலிருந்தே இப்படித்தான் பார்க்கிறார்கள். ஸ்டார்ட் ஆன பிறகு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் முள் பிளஸ்ஸுக்குப் போக வேண்டும். பேட்டரி நிரம்ப நிரம்ப அது நடுவுக்குத் திரும்பிவிடும். இதைப் பார்த்து "சார்ஜ் ஏறலை" என்று முடிவு கட்டுபவர்கள் ஏராளம். நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேர வேண்டாம்.

2. பேட்டரியை முழுசாக சார்ஜ் போட்டு, சில மணி நேரம் சும்மா விட்டு அளந்து பாருங்கள். 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி 12.6-க்குக் குறையாமல் காட்ட வேண்டும். லைட்டைப் போட்டதும் சட்டென்று சரிந்தால் பேட்டரியே போய்விட்டது. பலவீனமான பேட்டரியை வைத்துக்கொண்டு மற்ற டெஸ்ட்டுகளைச் செய்தால் எல்லா ரீடிங்கும் பொய் சொல்லும்.

3. வண்டியை ஓட விட்டு, பேட்டரி டெர்மினலிலேயே மீட்டரை வையுங்கள். ஐடிலில் வரும் ரீடிங்கை நம்பாதீர்கள். ரேஸ் பண்ணும்போது 13.5-லிருந்து 14.5 வரை வந்தால் நல்லது. 12.5-ஐத் தாண்டவே இல்லையா, சார்ஜ் வரவில்லை. 15-ஐத் தாண்டுகிறதா, ரெகுலேட்டர் கட்டுப்படுத்தவில்லை. அந்த வண்டியில் பேட்டரி தண்ணீர் சீக்கிரம் வற்றும், பல்பு அடிக்கடி போகும். கஸ்டமரிடம் அதைக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

4. சார்ஜ் வரவில்லை என்றதும் ஆர்ஆர் யூனிட்டை (ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) வாங்க ஓடாதீர்கள். கனெக்‌ஷனைப் பாருங்கள். பழைய புல்லட்டில் பேட்டரி கரன்ட் ஆம்மீட்டர் வழியாகவே போகிறது. அதன் பின்னாலிருக்கும் நட் லூஸானால் வண்டியே செத்துவிடும். இன்ஜின் ஓடும்போது, லைட்டைப் போட்டு, மீட்டரின் ஒரு முனையை ஆர்ஆர் யூனிட்டின் பிளஸ் அவுட்புட்டிலும் மறுமுனையை பேட்டரி பிளஸ்ஸிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் எங்கோ வோல்ட்டேஜ் வீணாகிறது. ஃபியூஸ் ஹோல்டர், பச்சை பூத்த கப்ளர், சாவி ஸ்விட்ச் என்று ஒவ்வொன்றாக நகருங்கள். மைனஸ் பக்கமும் இதே மாதிரி. பெயின்ட் அடித்த ஃப்ரேமில் எர்த் கொடுத்திருந்தால் சுரண்டிவிட்டு இறுக்குங்கள்.

5. அடுத்து சார்ஜிங் காயில். கப்ளரைக் கழற்றி, காயில் வயர்களுக்கு நடுவே ஏசி ரேஞ்சில் அளந்து பாருங்கள். ரேஸ் ஏற ஏற வோல்ட்டேஜ் ஏற வேண்டும். வயருக்கும் பாடிக்கும் கன்டினியூட்டி வரக் கூடாது. இந்த டெஸ்ட்டை வண்டி சூடான பிறகு இன்னொரு முறை செய்யுங்கள். புல்லட் காயில் செயின் கேஸ் ஆயிலுக்குள் கிடக்கிறது. வயரின் மேல்தோல் ஆயிலிலும் சூட்டிலும் கெட்டு வெடிக்கும். குளிரில் பாஸ் ஆகும் காயில் சூட்டில் ஷார்ட் ஆவது சகஜம்.

6. இவ்வளவும் சரி என்றால்தான் ஆர்ஆர் யூனிட்டைச் சந்தேகப்படலாம். நல்ல யூனிட் ஒன்றைக் கடையில் எப்போதும் வைத்திருங்கள். மாட்டிப் பார்த்தால் நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மாடலுக்கு மாடல் வயரிங் மாறும். சில வண்டிகளில் ஹெட்லைட் பேட்டரியில் ஓடாமல் நேராகக் காயிலில் ஓடும். லூகாஸ் சாமான் உள்ள பழைய பிஎஸ்ஏ, ட்ரையம்ப் வண்டிகளில் பெரும்பாலும் பேட்டரியின் பிளஸ்தான் எர்த். தெரியாமல் மாற்றி மாட்டினால் ரெக்டிஃபையர் போய்விடும். எல்லாம் சரியாக இருந்தும் பேட்டரி இறங்குகிறதா, பல்பைப் பாருங்கள். 100 வாட் பல்பு 12 வோல்ட்டில் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்தக் காலத்துக் காயில் பாவம், அதற்காகச் செய்யப்பட்டதில்லை.

ரீடிங்குகளை ஜாப் கார்டில் எழுதுங்கள்: வேலைக்கு முன், வேலைக்குப் பின். கஸ்டமர் முன்னால் மீட்டரைப் பிடித்துக் காட்டுங்கள். மாற்றிய பார்ட்டை அவர் கையில் கொடுங்கள். கிளாசிக் வண்டிக்காரர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள். அந்த ஜாப் கார்டு அவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றும். கண்டுபிடிப்பதற்கான கூலியைத் தனியாக, எஸ்டிமேட்டிலேயே சொல்லி வாங்குங்கள். வெறும் நட்டை இறுக்கிய வேலையானாலும் சரி.