பழைய கம்பைலரைத் தூக்கி எறியுமுன்

அன்புள்ள தம்பிக்கு,

உன் ராஸ்பெரி பையில் ஜிசிசி 12 கம்பைலர்தான் இருக்கிறது, எத்தனை முறை அப்கிரேட் கொடுத்தாலும் அசைய மாட்டேன் என்கிறது, அதைத் தூக்கிவிட்டுப் புதியதைப் போட வழி சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய். வழி இருக்கிறது. ஆனால் இந்த வேலையில் இறங்குகிற பலருக்கு அது தேவையே இருப்பதில்லை. உனக்குத் தேவையா என்று முதலில் பார்த்துவிடுவோம்.

அது அசையாததற்குக் காரணம் உண்டு. ராஸ்பெரி பை ஓஎஸ்ஸுக்கு அடித்தளம் டெபியன். டெபியனில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வரும். வெளியாகும்போது எந்தக் கம்பைலரோ, அந்தப் பதிப்பின் ஆயுள் முழுக்க அதுதான். 2019-இல் வந்த பஸ்டரில் ஜிசிசி 8, 2021-இன் புல்ஸ்ஐயில் 10, 2023-இன் புக்வார்மில் 12, 2025-இன் ட்ரிக்ஸியில் 14. ஜிசிசிக்காரர்களோ ஆண்டுக்கொரு பெரிய பதிப்பை இறக்கிவிடுகிறார்கள். ஆகவே டெபியன் ஸ்டேபிள் எப்போதும் ஓரடி பின்னால்தான் தெரியும். பல்லாயிரம் பேக்கேஜ்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்று சோதித்த பிறகு, பாதுகாப்புத் திருத்தங்களையும் முக்கியமான பிழைத்திருத்தங்களையும் தவிர வேறெதையும் பொதுவாக உள்ளே விடுவதில்லை என்பது அவர்களுடைய கொள்கை. நீ அப்கிரேட் கொடுக்கும்போது வருவது பெரும்பாலும் அந்தத் திருத்தங்கள்தான்.

இனி நீ அனுப்பிய பிழைச் செய்தியைப் பார்ப்போம். ‘ஃபார்மட்’ என்ற ஹெடர் கோப்பு இல்லை என்று நின்றுவிட்டது, அவ்வளவுதானே? சி++20 என்று கொடி கொடுத்தால் ஜிசிசி 12 ஏற்றுக்கொள்கிறது. அந்தத் தரத்தின் மொழிக்கூறுகளில் பெரும்பகுதி அதற்குத் தெரியும். ஃபார்மட் நூலகம் மட்டும் ஜிசிசி 13-இல்தான் வந்து சேர்ந்தது. இதற்காகக் கம்பைலரையே மாற்ற வேண்டியதில்லை. அந்த வசதி தரத்துக்குள் நுழைந்ததே ‘எஃப்எம்டி’ என்ற திறந்த மூல நூலகத்தை ஒட்டித்தான். அதன் டெவ் பேக்கேஜ் புக்வார்மிலேயே இருக்கிறது. நிறுவு, இன்க்ளூட் வரியை மாற்று, அழைக்கும் இடங்களில் முன்னொட்டை மாற்று, லிங்க் செய்யும்போது நூலகத்தின் பெயரைச் சேர். பத்து நிமிட வேலை.

பிழை எந்தக் கட்டத்தில் வருகிறது என்று பார்க்கப் பழகிக்கொள். பஸ்டரின் ஜிசிசி 8-இல் ‘ஃபைல்சிஸ்டம்’ பயன்படுத்தினால் கம்பைல் ஒழுங்காக முடியும், லிங்க்கில் உடையும். அந்தப் பகுதி அப்போது தனி நூலகமாக இருந்ததுதான் காரணம். லிங்க் வரியில் ஒரு சொல் கூடுதலாகப் போட்டால் தீர்ந்தது. ஜிசிசி 9-இலிருந்து அதுவும் வேண்டாம். பாதியில் ‘கில்டு’ என்று சொல்லிவிட்டுக் கம்பைலர் செத்துப்போனால், குற்றம் பதிப்பினுடையது அல்ல. கெர்னல் லாகைப் பார், நினைவகம் தீர்ந்திருக்கும். 512 எம்பி உள்ள பை ஜீரோவில் ஒரே நேரத்தில் நான்கு கோப்புகளைக் கம்பைல் செய்யச் சொன்னால் எந்தப் பதிப்பும் விழத்தான் செய்யும். ஒவ்வொன்றாக விடு, ஸ்வாப்பைக் கூட்டு.

ஒன்றை மட்டும் செய்துவிடாதே. சோர்ஸ் லிஸ்ட்டைத் திறந்து, புக்வார்ம் என்ற இடத்தில் ட்ரிக்ஸி என்று எழுதி, கம்பைலரை மட்டும் இழுத்து வராதே. அது தனியாக வராது. புதிய சி நூலகத்தையும் சி++ நூலகத்தையும் கையோடு கூட்டி வரும். இயந்திரத்தில் உள்ள எல்லாமே அவற்றின் மேல்தான் நிற்கின்றன. டெபியன்காரர்கள் இந்த அரைகுறைக் கலவைக்கு ‘ஃப்ராங்கன்டெபியன்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். 32 பிட் பை ஜீரோவில் டெபியனின் சொந்த ரெப்போவைச் சேர்ப்பது இன்னும் மோசம். அந்த பேக்கேஜ்கள் ஏஆர்எம்வி7-க்குக் கட்டியவை. முதல் பையிலும் பை ஜீரோவிலும் இருப்பது ஏஆர்எம்வி6. ராஸ்பியன் என்று தனியாக ஒன்று 2012-இல் பிறந்ததே இந்த இடைவெளியை நிரப்பத்தான். கலந்தால், ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று நிரல்கள் விழும்.

சரி, உண்மையிலேயே புதிய கம்பைலர்தான் வேண்டும் என்றால் மூன்று வழிகள். முதலாவது, இன்னொரு எஸ்டி கார்டில் ட்ரிக்ஸியைப் புதிதாக எழுது. ஜிசிசி 14 தானாகவே வந்துவிடும், பழைய கார்டும் பத்திரமாக இருக்கும். பஸ்டர் போல ஆதரவு முடிந்த பதிப்பில் இருப்பவர்களுக்கு இதுவே சரி. அங்கே பழசாகிப் போனது ஓஎஸ் முழுவதுமே. பாதுகாப்புத் திருத்தம் வராத இயந்திரத்தில் கம்பைலரை மட்டும் புதுப்பித்துப் பயனில்லை.

இரண்டாவது, லேப்டாப்பில் கிராஸ் கம்பைல் செய். ஆனால் பையின் நூலகங்களையும் ஹெடர்களையும் நகலெடுத்து, அவற்றைக் கொண்டே லிங்க் செய்ய வேண்டும். சி நூலகமான ஜிலிப்சியின் 2.41-ஐ வைத்துக் கட்டிய நிரல், 2.36 உள்ள புக்வார்மில் பெரும்பாலும் தொடங்கவே தொடங்காது.

மூன்றாவது, பையிலேயே மூலத்திலிருந்து கட்டுவது. இது கடைசி வழி. ஜிசிசி வழக்கமாகத் தன்னைத்தானே மூன்று சுற்று கட்டிக்கொள்ளும். சின்ன இயந்திரத்தில் அதற்குப் பொறுமை வேண்டும். பூட்ஸ்ட்ராப் எனப்படும் அந்த ஏற்பாட்டை அணைத்தால் ஒரு சுற்றோடு முடியும். பழைய பை என்றால் கன்ஃபிகர் செய்யும்போதே ஏஆர்எம்வி6, ஹார்ட் ஃப்ளோட் என்று சொல்லிவிடு. ‘ஆப்ட்’ கோப்புறைக்குள் தனியே நிறுவு. சிஸ்டம் கம்பைலரைத் தொடாதே, அதன் பெயரில் இணைப்பும் போடாதே. கட்டி முடித்த பிறகும் ஒரு சிக்கல் காத்திருக்கும்: புதிய கம்பைலர் கட்டிய நிரல், ஓடும்போது சிஸ்டத்தின் பழைய சி++ நூலகத்தைப் பிடித்துக்கொண்டு ‘இந்தப் பதிப்பு இல்லை’ என்று புலம்பும். அந்த நூலகத்தை ஸ்டாட்டிக்காக நிரலுக்குள்ளேயே சேர்த்துவிட்டால் அது அடங்கும்.

கடைசியாக ஒன்று. உன் நிரலை இறக்கி ஓட்டப்போகிறவர்களிடமும் இதே போன்ற சின்ன இயந்திரங்கள்தான் இருக்கும். சிலரிடம் உன்னுடையதைவிடப் பழையது. குறைந்தபட்சம் எந்த ஜிசிசி வேண்டும் என்று ரீட்மியில் எழுதி வை. எழுதுவதற்கு முன் அந்தப் பதிப்பிலேயே கம்பைல் செய்து பார். புதிய வசதி ஒன்றைச் சேர்க்கும்போது அந்த எண் ஏறுகிறது என்றால், அந்த வசதி அதற்குத் தகுமா என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள். பல நேரம் தகாது.

அன்புடன்,
அண்ணன்