மாறாக என்றால் எதற்கு மாறாக?

அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் திருவனந்தபுரத்தில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களில் சிலர் எழுதிக் காட்டும் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தை நான் அடிக்கடி திருத்துகிறேன்: 'வேலை செய்யும் இடம் தூரம். ஆன் தி கான்ட்ரரி, நல்ல சம்பளம்.' தமிழ்ப் பிள்ளைகளும் மலையாளப் பிள்ளைகளும் ஒன்றுபோலவே தவறுகிறார்கள்.

நம்பிக்கை: 'ஆன் தி கான்ட்ரரி', 'ஆன் தி அதர் ஹேண்ட்' இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்.

உண்மை: இல்லை. இடம் தூரம் என்பதும் மெய், சம்பளம் நல்லது என்பதும் மெய். ஒன்று மற்றதைப் பொய்யாக்கவில்லை. இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்கிறோம். அங்கே 'ஆன் தி அதர் ஹேண்ட்' வரவேண்டும். ஆங்கிலம் கையைச் சொல்லும் இடத்தில் நாம் புறத்தைச் சொல்கிறோம்: மறுபுறம். 'ஆன் தி கான்ட்ரரி'யின் வேலை மறுப்பது மட்டுமே.

இந்த ஊர் மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்த சுந்தரம் பிள்ளையையே எடுத்துக்கொள்வோம். 1891இல் வந்த 'மனோன்மணீயம்' நாடகத்தை அவர் தமிழில் எழுதினார்; திருவிதாங்கூரின் பழைய மன்னர்களைப் பற்றிய ஆய்வை, ஆன் தி அதர் ஹேண்ட், ஆங்கிலத்தில் எழுதினார். அவர் தமிழில் மட்டுமே எழுதினார் என்று யாராவது சாதித்தால், அப்போது சொல்லலாம்: ஆன் தி கான்ட்ரரி, ஆங்கிலத்திலும் எழுதினார்.

நம்பிக்கை: 'ஆன் தி கான்ட்ரரி' என்று தொடங்கினால், முந்தைய வாக்கியத்துக்கு நேர் எதிரானதைச் சொல்லவேண்டும்.

உண்மை: நன்றாகப் படிக்கிறவர்களும் சறுக்குவது இங்கேதான். 'தேர்வு கடினமாக இல்லை. ஆன் தி கான்ட்ரரி, மிக எளிதாக இருந்தது.' இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் சண்டையே இல்லை. ஒன்று சொன்னதை மற்றது இன்னும் அழுத்திச் சொல்கிறது. மறுக்கப்படுவது, தேர்வு கடினமாக இருந்திருக்கும் என்று கேட்பவர் மனத்தில் இருக்கும் எண்ணம்.

இதைப் புரியவைக்க நான் மலையாளப் பத்திரிகையைத்தான் கையில் கொடுப்பேன். 'அல்ல' என்று ஒன்றை விலக்கிவிட்டு, உள்ளதைச் சொல்ல 'மறிச்சு' என்று தொடங்கும் வாக்கியம் எங்காவது கண்ணில் படும். 'மறிச்சு' வரும் இடம் 'கான்ட்ரரி'யின் இடம். மறுபுறம் என்ற பொருளில் 'மறுவசத்து' வரும் இடம் 'அதர் ஹேண்ட்' வரும் இடம். தமிழிலும் 'அவர் வக்கீல் அல்லர்; மாறாக, ஆசிரியர்' என்கிறோம். ஆனால் நம்முடைய 'மாறாக' இன்று எல்லா வேற்றுமைக்கும் பொதுச் சொல்லாகிவிட்டது. அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவதால்தான் இந்தக் குழப்பம் என்பது என் எண்ணம்.

நம்பிக்கை: 'ஆன் தி ஒன் ஹேண்ட்' என்று முதலில் எழுதினால்தான் 'ஆன் தி அதர் ஹேண்ட்' எழுதலாம்.

உண்மை: கட்டாயமில்லை. பின்னது தனியாகவே நிற்கும்.

இரண்டு பொருள்களை வெறுமனே ஒப்பிடுவதற்கு 'பை கான்ட்ராஸ்ட்' இருக்கிறது. திருவனந்தபுரத்தில் ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும். சென்னைக்கு, பை கான்ட்ராஸ்ட், பெருமழை அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவத்தில்தான். சென்னையில் மழையே பெய்யாது என்று யாராவது சொல்லட்டும், அப்போது 'ஆன் தி கான்ட்ரரி'யை எடுக்கலாம்.