குறைந்த செலவில் வேகமான கணினி: எந்தப் பாகத்தில் காசு போடுவது?

மாணவர்களே, பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் படிவம் நான்கு, ஐந்து மாணவர்கள் என்னிடம் ஒரு தாளோடு வருவார்கள். தாளில் கணினிப் பாகங்களின் பட்டியல் இருக்கும். "சார், இதை ஓவர்கிளாக் செய்தால் விலையுயர்ந்த கணினி மாதிரி ஓடுமா?" என்பது கேள்வி. கேட்பவர் கையில் இருப்பது பெரும்பாலும் அம்மாவின் கூடுதல் நேர வேலைச் சம்பளம், அல்லது தீபாவளிக்குக் கிடைத்த அன்பளிப்புப் பணம். தவறான பாகத்தை வாங்கினால் அடுத்த விடுமுறை வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே இந்த வாரம் அந்தத் தாளையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் சொல்லின் பொருள். கணினியின் மையச் செயலி ஒரு கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப வேலை செய்கிறது. 4 கிகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு வினாடியில் 400 கோடித் துடிப்புகள். தொழிற்சாலை நிர்ணயித்த அளவுக்கு மேல் அந்தத் துடிப்பைக் கூட்டி ஓட்டுவதே ஓவர்கிளாக்.

தொழிற்சாலை நிர்ணயித்ததைவிட வேகமாக ஒரு சில்லு எப்படி ஓட முடியும்? இதற்கு விடை தேட நீங்கள் தூரம் போக வேண்டாம். ஜார்ஜ்டவுனிலிருந்து விமான நிலையம் போகும் வழியில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை இருக்கிறதே, அங்கே போனால் போதும். 1972ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை அங்குதான் தொடங்கியது. ஏஎம்டி நிறுவனமும் அதே காலத்தில் பினாங்குக்கு வந்தது. சிலிக்கான் தகடுகள் வேறு நாடுகளில் தயாராகின்றன. அவற்றிலிருந்து கிடைக்கும் சில்லுகளைப் பொதிந்து, சோதித்து, தரம் பிரிப்பதுதான் இங்கு நடக்கும் முக்கிய வேலை. உங்களில் சிலருடைய அம்மாவோ மாமாவோ முறை வேலைக்குப் போய் வருவது இந்தப் பணிக்காகவே இருக்கலாம்.

தரம் பிரித்தல் என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரே தகட்டில் பிறந்த சில்லுகள்கூட ஒரே மாதிரி இருப்பதில்லை. சில அதிக வேகத்தைத் தாங்கும், சில தாங்கா. சோதனையில் தேறிய வேகத்தை வைத்து அவற்றுக்குப் பெயரும் விலையும் இடுகிறார்கள். உற்பத்தி முறை நன்கு முதிர்ந்துவிட்டால் பெரும்பாலான சில்லுகள் உயர் வேகத்தைத் தாங்கும். ஆனால் சந்தையில் மலிவான சில்லுக்குத்தான் வாங்குவோர் அதிகம். அப்போது நல்ல சில்லுகளும் குறைந்த வேகம் என்ற பெயரோடு மலிவுப் பெட்டிக்குள் போய்விடும். ஓவர்கிளாக் செய்பவர்கள் தேடுவது இந்தச் சில்லுகளைத்தான்.

இதற்கு மிகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு செலரான் 300ஏ. 1998 ஆகஸ்டில் இன்டெல் அதை 149 அமெரிக்க டாலருக்கு மொத்த விலையில் வெளியிட்டது. அதே நாளில் வந்த பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ் சில்லின் விலை 669 டாலர். அடுத்த மாதமே நம் அரசாங்கம் ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று நாணய மதிப்பை நிலைநிறுத்தியது. பெருக்கிப் பாருங்கள்: ஒன்று ஏறத்தாழ 566 ரிங்கிட், மற்றொன்று 2,542 ரிங்கிட். பொருளாதார நெருக்கடிக் காலத்தில் அந்த வித்தியாசம் ஒரு குடும்பத்தின் பல மாதச் செலவு.

செயலியின் வேகம் என்பது இரண்டு எண்களின் பெருக்கம். தாய்ப்பலகை தரும் அடிப்படைத் துடிப்பு ஓர் எண், செயலிக்குள் இருக்கும் பெருக்கெண் மற்றோர் எண். செலரான் 300ஏயில் 66.67 மெகாஹெர்ட்ஸ் × 4.5 = 300. குறைந்த வேகச் சில்லின் மேல் அதிக வேக எண்ணைப் பொறித்து விற்கும் மோசடி அக்காலத்தில் பரவலாக இருந்ததால், பெருக்கெண்ணை மாற்ற முடியாதபடி இன்டெல் பூட்டியிருந்தது. ஆனால் அடிப்படைத் துடிப்பு தாய்ப்பலகையின் கையில் இருந்தது. அதை 100 ஆக்கினால் 100 × 4.5 = 450. மலிவுச் சில்லு விலையுயர்ந்த சில்லின் வேகத்தைத் தொட்டுவிட்டது! அந்தச் சில்லுகளில் பல 'மலாய்' என்ற பொறிப்போடு, அதாவது மலேசியாவில் பொதிந்து சோதிக்கப்பட்டு, உலகெங்கும் போயின. எங்கே பொதிந்த சில்லு வேகத்தை நன்றாகத் தாங்கும் என்று வெளிநாட்டு இளைஞர்கள் வாதம் செய்துகொண்டிருந்தார்கள்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அக்காலத் தாய்ப்பலகையில் அடிப்படைத் துடிப்பை வகுத்துத்தான் மற்ற பாகங்களுக்கும் துடிப்பு கொடுத்தார்கள். விரிவாக்க அட்டைகளுக்கு வேண்டியது 33 மெகாஹெர்ட்ஸ். 66ஐ இரண்டால் வகுத்தால் 33. 100ஐ மூன்றால் வகுத்தாலும் 33. ஆனால் பயந்து பயந்து 83 என்று வைத்தவர்களுக்கு இரண்டால் வகுத்து 41.5 கிடைத்தது. செயலி நன்றாக ஓடியது, வன்தட்டில் இருந்த கோப்புகள் கெட்டன. துணிந்து 100 வைத்தவருக்குச் சிக்கல் இல்லை, நடுவில் நின்றவருக்கே சிக்கல். ஒரு பாகத்தின் வேகத்தை மாற்றும்போது வேறு எந்தப் பாகம் அதோடு சேர்ந்து மாறுகிறது என்று பார்க்காமல் கை வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைத்ததில்லை.

இனி இன்றைய கடைக்கு வருவோம். கொம்தார் பக்கம் போய் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்று பெருக்கெண்ணைப் பூட்டாமல் விற்கும் சில்லுகள் உண்டு. இன்டெலில் பெயரின் முடிவில் 'கே' என்ற எழுத்து இருக்க வேண்டும். அதோடு விலை கூடிய 'இசட்' வரிசைத் தாய்ப்பலகையும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால் குறைந்த செலவு என்ற பேச்சே அடிபட்டுப் போகும். ஏஎம்டியின் ரைசன் செயலிகளில் பெரும்பாலானவை பூட்டப்படாதவை. ஆனால் தாய்ப்பலகையில் ஏமாந்துவிடாதீர்கள். ஏ320, ஏ520 வரிசைப் பலகைகளில் செயலியின் பெருக்கெண்ணைக் கூட்ட முடியாது. பி450, பி550 வரிசைகளில் முடியும். கடைக்காரர் "இரண்டும் ஒன்றுதான்" என்றால் புன்னகையோடு தலையசைத்துவிட்டு பி என்ற எழுத்தையே கேளுங்கள்.

ரைசன் 5 5600, ரைசன் 5 5600ஜி ஆகிய இரண்டும் ஆறு உட்கருக்கள் கொண்டவை, 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை தாமாகவே ஏறக்கூடியவை. பெயரில் ஓர் எழுத்துதான் வேறுபாடு. ஜி உள்ளதில் வரைகலைச் செயலி உள்ளேயே இருக்கிறது. ஜி இல்லாததை வாங்கி, தனி வரைகலை அட்டை வாங்கப் பணமில்லை என்றால், திரை கறுப்பாகவே இருக்கும். என் மாணவர் ஒருவர் இப்படித்தான் இரண்டு வாரம் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்ஜெட் உண்மையிலேயே சிறியதென்றால் நான் 5600ஜியைத்தான் சொல்வேன். புதிய தலைமுறைச் சில்லு அல்ல, ஆனால் அதற்குரிய பலகையும் நினைவகமும் பழைய பாகச் சந்தையில் எளிதாகக் கிடைக்கும்.

இப்போது வெப்பக் கணக்கு. படிவம் ஐந்தில் மின்திறன் படித்திருப்பீர்கள். சில்லுக்கும் ஒரு விதி உண்டு: அது செலவழிக்கும் திறன் அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடும். ஒரு செயலி 4.0 கிகாஹெர்ட்ஸில் 1.20 வோல்ட் அழுத்தத்தில் 80 வாட் எடுக்கிறது என்போம். அதை 4.4 ஆக்க வேண்டும். நிலையாக ஓட 1.35 வோல்ட் தேவைப்படுகிறது. அதிர்வெண் 1.1 மடங்கு. மின்னழுத்தம் 1.125 மடங்கு, அதன் வர்க்கம் ஏறத்தாழ 1.27. பெருக்கினால் 1.39. அதாவது வேகம் 10 விழுக்காடு கூடியது, வெப்பம் 39 விழுக்காடு கூடியது. 80 வாட் இப்போது 111 வாட்.

அந்த வெப்பத்தைக் குளிர்விப்பான் வெளியேற்ற வேண்டும். ஒவ்வொரு வாட்டுக்கும் சில்லின் வெப்பநிலை அறையைவிட அரைப் பாகை கூடும் அளவுக்கு நம் குளிர்விப்பான் இருக்கிறது என்று கொள்வோம். 111 வாட்டுக்கு 56 பாகை ஏறும். ஐரோப்பாவில் 21 பாகை அறையில் சோதித்தவர் தன் கட்டுரையில் "77 பாகை, பிரச்சினை இல்லை" என்று எழுதுவார். பினாங்கில் பிற்பகலில், காற்றாடி மட்டும் சுழலும் அறை 32 பாகை. அதே கணினி நம் வீட்டில் 88 பாகை. ரைசன் 5 5600இன் உச்ச வரம்பு 90. வரம்பைத் தொட்டதும் சில்லு தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். காசு கொடுத்துக் கூட்டிய வேகத்தைச் சில்லே எடுத்துவிடும்! வெளிநாட்டுச் சோதனை முடிவுகளைப் படிக்கும்போது பத்துப் பாகை கூட்டிப் படியுங்கள்.

ஆகவே செயலியோடு வரும் சிறிய குளிர்விப்பானை நம்பி மின்னழுத்தத்தைக் கூட்ட வேண்டாம். வெப்பக்குழாய்களோடு கூடிய, நெட்டையான காற்றுக் குளிர்விப்பான் ஒன்று போதும். நீர்க் குளிர்விப்பு நம் பட்ஜெட்டுக்குத் தேவையில்லை. பெட்டியின் முன்பக்கம் கண்ணாடி அடைப்பாக இல்லாமல் வலையாக இருக்கட்டும். வண்ண விளக்குகள் ஒரு மெகாஹெர்ட்ஸ்கூடத் தராது. (சொன்னால் என் மகனே கேட்பதில்லை.)

மின்வழங்கிக்கு வருவோம். இதில்தான் நான் அடிபட்டேன். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் பகுதி நேர வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒரு கணினி கட்டினேன். கடைசியில் பணம் குறைந்தது. பெயர் தெரியாத, '500 வாட்' என்று ஒட்டிய மலிவு மின்வழங்கியை வாங்கினேன். தூக்கினால் காலிப் பெட்டி போல இலேசாக இருந்தது. மூன்றாவது வாரம் ஒரு 'டப்' சத்தம், பிறகு கருகிய வாடை. மின்வழங்கி தனியாகப் போகவில்லை, தாய்ப்பலகையையும் கூட்டிக்கொண்டு போயிற்று. நான் மிச்சப்படுத்தியது சில பத்து ரிங்கிட், இழந்தது சில நூறு.

கணக்கு எளிது. செயலி 111 வாட், நடுத்தர வரைகலை அட்டை 130 வாட், மற்றவை 60 வாட். கூட்டினால் ஏறத்தாழ 300. அதற்குப் பெயருள்ள நிறுவனத்தின் 500 அல்லது 550 வாட் மின்வழங்கி தாராளம். '80 பிளஸ்' முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதைத்தான் சொல்கிறது. பாதுகாப்புக்கு அது சான்றிதழ் அல்ல. உத்தரவாத ஆண்டுகளைப் பாருங்கள். தாய்ப்பலகையைப் பழையதாக வாங்கலாம், மின்வழங்கியைப் பழையதாக வாங்காதீர்கள்.

நினைவகம் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனெனில் ஏழை மாணவனின் ஓவர்கிளாக் இங்குதான் இருக்கிறது. பெட்டியில் 3200 என்று எழுதியிருக்கும் நினைவகத்தைச் செருகினால் பல வேளைகளில் அது 2666 போன்ற குறைந்த வேகத்தில்தான் ஓடும். தாய்ப்பலகையின் அமைப்புத் திரையில் 'எக்ஸ்எம்பி' என்ற தேர்வை இயக்கினால்தான் எழுதிய வேகம் கிடைக்கும். 3200 என்பதன் உண்மையான துடிப்பு 1600 மெகாஹெர்ட்ஸ், ஒரு துடிப்புக்கு 0.625 நானோ வினாடி. காத்திருப்பு 16 துடிப்பு என்றால் 10 நானோ வினாடி. 2666இல் காத்திருப்பு 19 துடிப்பு என்றால் 14.25 நானோ வினாடி. ஒரு சொடுக்கில் இவ்வளவு வித்தியாசம், வெப்பமும் பெரிதாக ஏறாது. 16 கிகாபைட் வேண்டுமென்றால் ஒரே அட்டையாக வாங்காமல் 8 கிகாபைட் அட்டைகள் இரண்டாக வாங்குங்கள். இரண்டு வழிகளில் தரவு ஓடும்; வினாடிக்கு 25.6 கிகாபைட் என்பது 51.2 ஆகும். 5600ஜியின் உள்ளிருக்கும் வரைகலைச் செயலி இதே நினைவகத்தைத்தான் பகிர்ந்துகொள்கிறது என்பதால் விளையாட்டுகளில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். 1998இல் 50 விழுக்காடு வேகம் இலவசமாகக் கிடைத்தது. இன்றைய சில்லுகள் தம் வெப்பத்தைத் தாமே அளந்து, முடிந்த அளவு வேகத்தைத் தாமே எடுத்துக்கொள்கின்றன. நாம் கையால் கூட்டுவதற்கு மிச்சம் சில விழுக்காடுதான். அதற்காக உத்தரவாதத்தை இழக்கலாம். இன்டெலும் ஏஎம்டியும் வரம்பு மீறிய ஓட்டத்தால் வரும் சேதத்துக்குப் பொறுப்பேற்பதில்லை. மின்னழுத்தம் சில்லை மூப்படையச் செய்யும் என்பதும் வெறும் பயமுறுத்தல் அல்ல. 2024இல் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் சில்லுகள் சில, தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தால் பழுதடைந்தன. நிறுவனம் உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தது. ஆகவே நினைவகத் தேர்வை இயக்குங்கள், நல்ல குளிர்விப்பான் பொருத்துங்கள். அதற்கு மேல் போவது கற்றுக்கொள்ளும் ஆசைக்காக இருக்கட்டும்.

அந்த ஆசை இருப்பவர்கள் தமிழ்ப்பள்ளி அறிவியலில் படித்த மாறிகளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பெருக்கெண் தற்சார்பு மாறி. வெப்பநிலையும் நிலைத்தன்மையும் சார்பு மாறிகள். அறை வெப்பநிலை, மின்னழுத்தம், காற்றாடி வேகம் கட்டுப்படுத்தப்பட்டவை. ஒரு முறைக்கு ஒரே ஒரு மாற்றம். பெருக்கெண்ணைக் கால் படி கூட்டுங்கள், பிரைம்95 போன்ற சோதனை நிரலை அரை மணி நேரம் ஓட்டுங்கள், வெப்பநிலையை நோட்டில் எழுதுங்கள். சோதனையைப் பிற்பகல் இரண்டு மணிக்குச் செய்யுங்கள். இரவில் தேறிய கணினி மறுநாள் வெயிலில் தோற்றுப் போகும். நினைவகத்தை மாற்றினால் மெம்டெஸ்ட்86 ஓட்டாமல் விடாதீர்கள். நினைவகப் பிழை சத்தமில்லாமல் கோப்புகளைக் கெடுக்கும். எனவே எஸ்பிஎம் பயிற்சித் தாள்களுக்கு வேறிடத்தில் ஒரு நகல் முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.

கூட்டிய பிறகு கணினி எழவே இல்லையென்றால் பதறாதீர்கள். மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி, தாய்ப்பலகையில் ஐம்பது காசு நாணயம் போல இருக்கும் வட்ட மின்கலத்தைச் சில நிமிடங்கள் கழற்றி மீண்டும் பொருத்துங்கள். அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். நோட்டில் கடைசியாகத் தேறிய வரியிலிருந்து மறுபடி தொடங்கலாம்.