பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தால் பயப்படலாமா?



நம் குழுக்களில் அவசரக் கடன் எதற்கு என்று கேட்டால், "பிள்ளைக்கு உடம்பு சரியில்லை" என்ற பதில் அடிக்கடி வரும். பணம் கிடைத்துவிடுகிறது. ஆனால் எங்கே போவது, போன இடத்தில் என்ன நடக்கும், நாம் என்ன கேட்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. "மெடிக்கல் காலேஜுக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க" என்றதும், பிள்ளை பிழைக்காதோ என்று பதறுகிறோம். "அங்கே படிக்கிற பசங்க ஊசி போட்டுப் பழகுவாங்க" என்று யாராவது சொன்னால், சீட்டை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்கே திரும்பி விடுகிறோம். இந்தத் தாமதம்தான் பிள்ளைக்கு ஆபத்து. எனவே இந்த மாதம் இதைப் பாடமாக எடுத்துக் கொள்வோம்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் என்ன?

இங்கே மூன்று வேலைகள் சேர்ந்து நடக்கின்றன. ஒன்று வைத்தியம். இரண்டாவது, டாக்டருக்குப் படிப்பவர்களுக்கும் நர்சுகளுக்கும் பயிற்சி. மூன்றாவது ஆராய்ச்சி.

குழந்தைகளுக்கென்றே உள்ள இப்படிப்பட்ட பெரிய அரசு மருத்துவமனை சென்னை எழும்பூரில் இருக்கிறது. 1968-ல் தொடங்கிய இந்தக் குழந்தைகள் நல நிறுவனம் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தது. 800-க்கும் மேற்பட்ட படுக்கைகள் உண்டு. பச்சிளங்குழந்தை, சிறுநீரகம், நரம்பு, ரத்த நோய், அறுவை சிகிச்சை என்று தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. தமிழ்நாட்டில் பல குழந்தை மருத்துவர்கள் அங்கே படித்து வந்தவர்கள்தான்.

எல்லாவற்றுக்கும் சென்னை போக வேண்டியதில்லை. முன்பு நம் பக்கத்தில் மருத்துவக் கல்லூரி என்றால் மதுரைக்குத்தான் ஓட வேண்டும். 2022 ஜனவரி 12-ல் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. கள்ளிமந்தையமோ இடையகோட்டையோ, நம் ஊர்களிலிருந்து இப்போது பெரியாஸ்பத்திரி கிட்டே வந்துவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையம், ஒட்டன்சத்திரம் அரசு மருத்துவமனை, திண்டுக்கல், மதுரை, சென்னை என்று இது ஒரு ஏணி போல. ஒரு படியில் இல்லாத கருவியோ நிபுணரோ அடுத்த படியில் இருப்பார். "எழுதிக் கொடுத்தார்கள்" என்றால் கைவிட்டார்கள் என்று பொருள் இல்லை. அடுத்த படிக்கு ஏற்றி விடுகிறார்கள்.

கட்டிலைச் சுற்றி யார் யார்?

வார்டில் ஒரே கேள்வியைப் பலர் வந்து கேட்பார்கள். நமக்கு எரிச்சல் வரும். அவர்கள் யார் என்று தெரிந்தால் எரிச்சல் குறையும்.

மருத்துவ மாணவர்: இன்னும் படிப்பவர். பார்த்துக் கற்றுக்கொள்ள வருகிறார்.
பயிற்சி டாக்டர்: படிப்பை முடித்து, ஓராண்டுப் பயிற்சியில் இருப்பவர்.
பட்டமேற்படிப்பு டாக்டர்: இவர் எம்.பி.பி.எஸ். முடித்த டாக்டர்தான். குழந்தை மருத்துவத்துக்காக மேலே படிக்கிறார். ராத்திரி பகலாக வார்டில் இருப்பவர் பெரும்பாலும் இவரே.
உதவிப் பேராசிரியர், பேராசிரியர்: இவர்கள்தான் பொறுப்பு. காலை ரவுண்ட்ஸில் வைத்தியத்தை முடிவு செய்பவர்கள்.

பலர் கேட்பதில் ஒரு நன்மையும் உண்டு. "வலிப்புக்கு முன்னால் காய்ச்சல் இருந்ததா?" என்று ஒருவர் கேட்க மறந்ததை இன்னொருவர் கேட்பார். பிள்ளை எப்போது பால் குடித்தது, எத்தனை முறை வாந்தி எடுத்தது என்பதெல்லாம் தாய்க்குத்தான் தெரியும். அங்கே நீங்களும் ஒரு சாட்சி. சலிக்காமல் சொல்லுங்கள். பயந்து எதையும் மறைக்காதீர்கள். நாட்டு மருந்து கொடுத்திருந்தாலும் சொல்லிவிடுங்கள், கடையில் வாங்கிய மாத்திரை கொடுத்திருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

"நீங்க யாரு? என் பிள்ளைக்குப் பொறுப்பான டாக்டர் யாரு?" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. பிள்ளை அழுது களைத்திருந்தால், "இப்ப வேண்டாம் தம்பி, அப்புறம் பாருங்க" என்று மாணவரிடம் சொல்லலாம். அதனால் வைத்தியம் நிற்காது.

ஆராய்ச்சி என்றால் பயமா?

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலும் ஆராய்ச்சியில் வந்ததுதான். 1971-ல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கம் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. சலைன் பாட்டில் போதவில்லை. திலீப் மஹலானபிஸ் என்ற குழந்தை மருத்துவர் இந்தக் கரைசலைக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், சாவு நூற்றுக்கு 4-க்கும் கீழே இறங்கியது.

ஆனாலும் ஆராய்ச்சியில் உங்கள் பிள்ளையைச் சேர்க்க வேண்டுமென்றால், உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கி, எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். 7 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையானால் அதன் விருப்பத்தையும் கேட்க வேண்டும். "வேண்டாம்" என்று சொன்னாலும் வழக்கமான வைத்தியம் தொடரும். படித்துக் காட்டச் சொல்லாமல் எதிலும் கைநாட்டு வைக்காதீர்கள்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

• பால் குடிக்க முடியவில்லை, தண்ணீர் இறங்கவில்லை
• எது கொடுத்தாலும் வாந்தி
• வலிப்பு
• எழுப்பினாலும் எழாத மயக்கம், துவண்டு போதல்
• மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுதல்
• வேக மூச்சு: பிள்ளை அழாமல் இருக்கும்போது ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, 2 மாதம் முதல் 1 வயது வரை 50, 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் ஆபத்து.

இதில் ஒன்று இருந்தாலும் "விடியட்டும்", "அவர் மார்க்கெட்டிலிருந்து வரட்டும்" என்று காத்திருக்க வேண்டாம். 108-க்குப் போன் செய்யுங்கள். ஆம்புலன்ஸ் இலவசம். குடிக்க முடிகிற குழந்தைக்கு வழியிலும் தாய்ப்பால் கொடுக்கலாம். மயக்கமோ வலிப்போ இருந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. பச்சிளங்குழந்தையை வெறும் மார்போடு அணைத்து, மேலே துணி போர்த்திக் கொண்டு போங்கள். உடம்புச் சூடு குறையாது.

கையில் என்ன எடுக்க வேண்டும்?

தாய்-சேய் நல அட்டை, பழைய மருந்துச் சீட்டுகள், எழுதிக் கொடுத்த கடிதம், ரேஷன் அட்டை, ஆதார், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பம் காப்பீட்டில் சேரலாம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. இவற்றை ஒரே பையில் போட்டு, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் மாட்டி வையுங்கள்.

பாதியில் கிளம்பாதீர்கள்

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும், "கூலி போகுது, மாட்டைப் பார்க்க ஆளில்லை" என்று சொல்லாமல் கிளம்பி விடுகிறோம். ஊசி மருந்து பாதியில் நின்றால் நோய் திரும்பும், முன்பைவிட முற்றும். வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: பிள்ளைக்கு என்ன நோய்? எந்த மருந்து, எத்தனை நாள்? மறுபடி எப்போது வர வேண்டும்? டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

தாய் வார்டில் இருக்கும்போது, வீட்டிலிருக்கும் மற்ற பிள்ளைகளுக்குச் சோறும் மாட்டுக்குத் தண்ணீரும் யார் பார்ப்பது? இதற்குக் கடனை விடக் குழுவில் ஓர் அக்கா, ஒரு தங்கச்சி முறை வைத்துப் போய் வருவது பெரிய உதவி. அந்தத் தைரியம் இருந்தால் தாய் பாதியில் கிளம்ப மாட்டாள்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழுவில் யார் வீட்டிலெல்லாம் காப்பீட்டு அட்டை இல்லை?
2. ஒருவர் பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் இருந்தால், அவர் வீட்டை யார் கவனிப்பது?
3. ராத்திரி நேரத்தில் அவசரக் கடன் கொடுக்க என்ன ஏற்பாடு?
4. மூச்சு எண்ணுவதை எல்லோரும் ஒருமுறை செய்து பார்த்தோமா?

முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள்.