எட்டாம் வகுப்பில் ஒரு டம்ளர் புரதம்

காலை வழிபாட்டுக் கூட்டம் முடியும் நேரம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தலைசுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த மாதத்தில் அது மூன்றாவது முறை. நிழலில் உட்காரவைத்து, "காலையில என்னம்மா சாப்பிட்ட?" என்று கேட்டேன். "டீ குடிச்சேன் டீச்சர்" என்றாள்.

நிலக்கோட்டைப் பக்கம் எங்கள் பள்ளி. விடியும் முன்பே மல்லிகை பறிக்கப் போகும் வீடுகள்தான் அதிகம். அம்மா திரும்பி வந்து அடுப்பு பற்றவைப்பதற்குள் பள்ளி மணி அடித்துவிடும். மூன்றாம் வகுப்பு படிக்கும் இவள் தம்பிக்கு, 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் பள்ளியிலேயே சாப்பாடு உண்டு. அது ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அக்காவுக்கு மதியச் சத்துணவுவரை வெறும் டீதான். பெற்றோரை அழைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னோம். பசி மட்டும்தான் காரணம் என்று நாமாக முடிவு கட்டக் கூடாது.

அந்த வாரம் ஊட்டச்சத்துகள் பற்றிய பாடம். அதோடு சேர்த்து 'அரைத்துக் குடிக்கும் காலை உணவு' என்றொரு செயல்பாட்டைத் திட்டமிட்டேன். பால், வாழைப்பழம், ஓட்ஸ், பாதாம் என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "எங்க வீட்டுல டீக்கு மட்டுந்தான் டீச்சர் பால் வாங்குவாங்க." யாரும் சிரிக்கவில்லை. எழுதியதை அழித்தேன். பாடக்குறிப்பு எழுதும்போதே என் மாணவர்களின் அடுக்களையை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு மாணவர்களிடமே கேட்டேன், தெருமுனைக் கடையில் என்னவெல்லாம் கிடைக்கும் என்று. பொட்டுக்கடலை, வேர்க்கடலை, எள், வெல்லம் என்று பட்டியல் வந்தது. ஒரு மாணவன் கைபேசியில் பார்த்த புரதப் பவுடர் டப்பாவைப் பற்றிச் சொன்னான். இன்னொருவன், "பச்சை முட்டையை உடைச்சு ஊத்திக் குடிக்கிறாங்க டீச்சர்" என்றான். பச்சை முட்டையில் கிருமித்தொற்று ஆபத்து உண்டு, வேகவைத்த முட்டையின் புரதம்தான் நன்றாகச் செரிக்கும் என்று விளக்கினேன். பொட்டுக்கடலையைத் தேர்ந்ததற்கும் இதே காரணம்தான். பச்சைக் கொண்டைக்கடலையில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் உள்ளன. வெப்பம் அவற்றைப் பெருமளவு செயலிழக்கச் செய்கிறது. பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுபட்டது, அடுப்பில்லாமலே பயன்படுத்தலாம்.

கணக்கு இப்படி வந்தது. 100 கிராம் பொட்டுக்கடலையில் சுமார் 22 கிராம் புரதம். வேர்க்கடலையில் சுமார் 24. எள்ளில் 20-ஐ ஒட்டி. ஒரு டம்ளருக்குப் பொட்டுக்கடலை 30 கிராம், வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 20 கிராம், வறுத்த எள் 5 கிராம் என்று வைத்தால் ஏறத்தாழ 12 கிராம் புரதம். மோரிலோ தண்ணீரிலோ வெல்லம் சேர்த்துக் கலக்கலாம். பால் வாங்க முடிந்தவர்கள் 150 மில்லி பாலும் ஒரு வாழைப்பழமும் சேர்த்து மிக்ஸியில் அடித்தால் 18 வரை போகும். 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 43 கிராம் புரதம் வேண்டும் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பரிந்துரைக்கிறது. அரை டம்ளர் டீயில் இரண்டு கிராம் தேறினால் பெரிது.

எள் எதற்கு என்று ஒரு மாணவி கேட்டாள். கடலை வகைகளில் மெத்தியோனின் என்னும் அமினோ அமிலம் குறைவு, எள்ளில் அது அதிகம், ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும் என்றேன்.

மறுநாள் ஆய்வகத்தில் பையூரெட் சோதனை. பொட்டுக்கடலைத் தூளை நீரில் ஊறவைத்து வடிகட்டிய கரைசல், பால், சர்க்கரைத் தண்ணீர் என மூன்று சோதனைக்குழாய்கள். ஒவ்வொன்றிலும் சோடியம் ஹைட்ராக்சைடு, பிறகு சில துளி காப்பர் சல்பேட். சர்க்கரைத் தண்ணீர் நீலமாகவே இருந்தது, மற்ற இரண்டும் ஊதாவாயின. சோடியம் ஹைட்ராக்சைடு தோலை அரிக்கும், அதை ஆசிரியரே கையாள வேண்டும். குடிப்பதற்கான பானத்தை ஆய்வகத்துக்குள் கொண்டுவரவே கூடாது. வேர்க்கடலை, எள், பால் ஒவ்வாமை உள்ளவர்கள் யார் என்று முன்பே கேட்டறிவதும் அவசியம்.

தூள் அரைப்பதில் நாங்கள் பட்டது: வேர்க்கடலையைச் சூட்டோடு அரைத்தால் எண்ணெய் பிரிந்து களியாகிவிடுகிறது. நன்றாக ஆறவிட்டு, பொட்டுக்கடலையோடு சேர்த்து, மிக்ஸியை விட்டுவிட்டு ஓட்ட வேண்டும். பூசணம் பிடித்த கடலையைக் கண்டிப்பாக ஒதுக்க வேண்டும், அதில் அஃப்ளாடாக்சின் நஞ்சு இருக்கலாம். ஈரமில்லாத மூடிபோட்ட டப்பாவில் வைத்துப் பத்து நாள்களுக்குள் தீர்ப்பது நல்லது. அதற்கு மேல் போனால் சிக்குவாடை வந்துவிடும். எங்கள் ஊர் விலையில் ஒரு டம்ளருக்கான தூள் எட்டு ரூபாய்க்குள் அடங்குகிறது. அந்த எட்டு ரூபாயும் சில வீடுகளுக்குச் சுமைதான். அதை மறைத்துவிட்டு மலிவு என்று எழுத எனக்கு மனமில்லை.

தலைசுற்றி உட்கார்ந்த மாணவி ஞாயிற்றுக்கிழமை தானே அரைத்து வைத்தாள். 2011-க்குப் பிறகு அரசு கொடுத்த விலையில்லா மிக்ஸி அவள் வீட்டில் இன்னும் ஓடுகிறதாம். வியாழக்கிழமை காலை ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். "பத்து நாளுக்கு அரைச்ச தூளு நாலு நாள்ல தீர்ந்துருச்சு டீச்சர். அம்மாவும் ஒரு பாட்டில்ல கலக்கித் தோட்டத்துக்குக் கொண்டுபோறாங்க. பாட்டியும் கேக்குறாங்க. மூணு பேருக்கு எவ்வளவு போடணும்?"

பக்கத்தில் இருந்த கணித ஆசிரியர் அந்தக் கேள்வியை என்னிடம் விடவில்லை. அன்று மூன்றாம் பாடவேளையில் எட்டாம் வகுப்புக்கு விகிதக் கணக்கு அதுவாகத்தான் இருந்தது.