பாடம் 4: அத்திவாரம் வெட்டுவதற்கு முன்

வீட்டுத்திட்டப் பட்டியலில் பெயர் வந்தவுடன் எல்லோருக்கும் அவசரம் வந்துவிடுகிறது. கொடுப்பனவு கட்டம் கட்டமாகவே கிடைக்கும். அத்திவாரம் எழும்பினால்தான் அடுத்த பணம். மேசன் கிடைக்க வேண்டும், மாரி தொடங்குமுன் கூரையும் போட வேண்டும். இந்த நெருக்கடியில் “அந்தக் காணி கிளியர்” என்று யாரோ சொன்னதை நம்பி அலவாங்கைப் போட்டுவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

வடக்கில் மிதிவெடி அகற்றும் வேலையை இராணுவத்தின் மனிதாபிமான மிதிவெடி அகற்றும் பிரிவும், ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ் போன்ற நிறுவனங்களும் செய்துவருகின்றன. வேலை செய்தவர்களே “சரி” என்று சொல்வது மட்டும் போதாது. 2010 இல் அமைக்கப்பட்ட தேசிய மிதிவெடிச் செயற்பாட்டு நிலையமே இவ்வேலைகளுக்குப் பொறுப்பு. கிளிநொச்சியில் அதன் பிராந்திய அலுவலகம் உள்ளது. தரம் பார்க்கும் உத்தியோகத்தர்கள் வேலை நடக்கும்போதே வந்து பார்ப்பார்கள். வேலை முடிந்த பின்பும் சில இடங்களை மாதிரியாக எடுத்து மீண்டும் சோதிப்பார்கள். அதில் பிழை கண்டால் நிலம் ஒப்படைக்கப்படாது. திரும்பவும் தேட வேண்டும். எல்லாம் சரியானால் எழுத்தில், வரைபடத்துடன் கையளிப்பு நடைபெறும். நீங்கள் கேட்டுப் பார்க்க வேண்டியது அந்த வரைபடத்தைத்தான்.

ஏனென்றால் வரைபடத்தின் எல்லையும் உங்கள் வேலியும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உதாரணமாக, அரை ஏக்கர் காணியுள்ள ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வீதியோர முன்பக்கம் தேடப்பட்டு ஒப்படைக்கப்பட்டிருக்கலாம். பின்பக்கப் பனங்கூடல் பக்கத்துக் காணியின் ஆபத்துப் பகுதியோடு சேர்ந்து இன்னும் மிச்சமாக இருக்கலாம். வீடு முன்னால் பாதுகாப்பாக நிற்கும். ஆனால் விறகுக்கும் ஓலைக்கும் பிள்ளைகள் போவது பின்னால்தான்.

இன்னொரு விடயம், எல்லா நிலமும் கருவி வைத்துத் தேடப்படுவதில்லை. ஊரவரை விசாரித்து, பழைய பதிவுகளைப் பார்த்து, ஆபத்துக்கு ஆதாரம் இல்லையென்று முடிவுசெய்து விடுவிக்கப்படும் நிலமும் உண்டு. இது தவறான முறையன்று. தேவையில்லாத இடத்தில் ஆண்டுக்கணக்கில் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் அந்த முடிவு ஊரவர் சொன்னதில் தங்கியிருக்கிறது. விசாரணை நடந்தபோது நீங்கள் முகாமிலோ இந்தியாவிலோ இருந்திருக்கலாம். உங்கள் வளவில் காவலரண் இருந்தது, மாடு வெடியில் அகப்பட்டது, மண் அணை போட்டிருந்தார்கள் என்பதெல்லாம் உங்களுக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். தெரிந்தால் கிராம அலுவலரிடம் சொல்லுங்கள். “இனி வீட்டுத்திட்டம் பிந்திவிடும்” என்று மறைக்க வேண்டாம்.

ஆழத்தையும் கேளுங்கள். மிதிவெடி கால் பட்டு வெடிப்பதற்காக வைக்கப்படுவது. ஆகவே மேல்மண்ணில்தான் புதைப்பார்கள். தேடலும் பெரும்பாலும் ஒரு சாண் ஆழத்துக்குள் அடங்கிவிடும். நடப்பதற்கும் தோட்டம் கொத்துவதற்கும் அது போதும். வீட்டுக்கு அது போதாது. அத்திவாரம் இரண்டு மூன்று அடி இறங்கும். மலசலகூடக் குழி ஆளுயரம் போகும். கிணறு அதற்கும் கீழே போகும். வெடிக்காத எறிகணை மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்து கிடக்கலாம். மூடப்பட்ட பதுங்குகுழிக்குள்ளும் பழைய கிணற்றுக்குள்ளும் வெடிபொருள் இருக்கலாம். பழைய கிணற்றை இறைக்குமுன்னும் தூர் வாருமுன்னும் பிரதேச செயலகத்தில் அறிவித்து, சோதித்துத் தரும்படி கேளுங்கள். அகழும் இயந்திரம் பிடிக்கும் நாளில் இது இன்னும் முக்கியம். இயந்திரத்தில் இருப்பவருக்கு உங்கள் காணியின் கதை தெரியாது.

சிவப்புத் தடிகளையும் மண்டையோட்டுப் பலகைகளையும் கதியாலுக்கோ விறகுக்கோ பிடுங்காதீர்கள். மழைக்குப் பின் சாய்ந்து கிடந்தால் நீங்களே நிமிர்த்தி நடவும் வேண்டாம், அறிவியுங்கள். பற்றைக்குத் தீ வைத்துக் காணி துப்புரவாக்கும் பழக்கம் இங்கே கூடாது.

சந்தேகமான பொருள் தெரிந்தால் தொடாதீர்கள், கல் எறிந்து பார்க்காதீர்கள். வேலையை நிறுத்தி, வந்த காலடித் தடத்திலேயே திரும்புங்கள். மற்றவர்கள் போகாமல் தடுத்து, கிராம அலுவலருக்கோ 119 இல் பொலிசாருக்கோ சொல்லுங்கள். அன்றைய மேசன் கூலி வீணாகும்தான்.

கையளிப்பு வரைபடத்தில் ஒரு பிரதி கேட்டுப் பெற்று, காணி உறுதியோடு அல்லது அனுமதிப்பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். நாளை மகளுக்குச் சீதனமாகப் பின்பக்கத்தைப் பிரித்து எழுதும்போது, அங்கே கிணறு வெட்டப்போகும் மருமகனுக்கும் அது தேவைப்படும்.